மூன்று நாள் அம்மையும் மூன்று அறுவைச் சிகிச்சைகளும்

அம்மை நோய்களைப் பற்றிக் கொங்கு நாட்டு மக்களுக்குப் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றலாம். பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, வேப்பிலை உண்டு, விரதம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை வட்டாரத்தில் பிளேக் நோய் பரவியபோது அந்நோய்க்கும் ஓர் அம்மனை நிறுவி வழிபட்டனர். பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் உள்ளன. அஞ்ச வேண்டிய நோய் எது என்பதை மக்கள் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அவை சான்று.

ஆனால் ஓர் அம்மை மட்டும் இந்தக் கண்காணிப்பிலிருந்து நழுவிவிட்டது. அதற்கு மக்கள் வழக்கில் தனிப்பெயர்கூட ஊன்றவில்லை. பல வீடுகளில் அதையும் மணல்வாரி என்றே சொல்லிவிடுகிறார்கள். இலேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடலில் பரவும் இளஞ்சிவப்புத் தடிப்பு, காதின் பின்புறம் நெறி கட்டுதல், வயது வந்த பெண்களுக்குச் சில நாள் மூட்டுவலி, அவ்வளவுதான். மூன்று நாளில் தடிப்பு மறைந்துவிடும். நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தடிப்பே தோன்றாமலும் போகலாம். இதுவே ரூபெல்லா. ஜெர்மன் தட்டம்மை என்றும் நூல்களில் இதனைக் காணலாம்.

‘சிறு சிவப்பு’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லான ரூபெல்லாவை இந்நோய்க்குப் பெயராகச் சூட்டியவர் ஹென்றி வீல் என்னும் பீரங்கிப்படை மருத்துவர். இந்தியாவில் தாம் கண்ட ஒரு தொற்றைப் பற்றி 1866இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இப்பெயரைப் பயன்படுத்தினார். அந்நாளில் இதை ஆபத்தில்லாத நோய் என்றே எல்லாரும் கருதினர். தடிப்பு கண்டவரைப் பொறுத்தவரை அக்கருத்து சரியே. ஆனால் அவர் கருவுற்ற பெண்ணாக இருந்து, கரு முதல் சில வாரங்களில் இருக்குமானால், அந்த மூன்று நாள் அம்மை பிறக்கப்போகும் குழந்தையின் கண்ணிலும் இதயத்திலும் காதிலும் ஆயுள் முழுவதும் நிற்கும் குறைகளை உண்டாக்கக்கூடும். அவற்றைச் சரிசெய்ய அறுவை மருத்துவரின் கத்தி தேவைப்படும். அக்கத்தியாலும் முழுவதும் சரிசெய்ய இயலாது.

சிட்னியில் ஒரு கண் மருத்துவர்

இந்த உண்மையைக் கண்டறிந்தவர் ஆய்வுக்கூட விஞ்ஞானி அல்லர். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பணியாற்றிய நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர். 1941ஆம் ஆண்டில் பிறவியிலேயே கண்புரையுடன் வந்த குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்திற்கு மாறாகப் பெருகியிருப்பதை அவர் கவனித்தார். பரம்பரையே காரணம் என்றால் ஒரே ஆண்டில் இத்தனை குழந்தைகள் பிறப்பானேன்? தாய்மார்கள் கூறியவற்றை அவர் செவிமடுத்தார். கருவுற்ற தொடக்கத்தில் தமக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாக அவர்கள் சொன்னார்கள். 1940இல் அந்நாட்டில் அந்நோய் பெருமளவில் பரவியிருந்தது.

சக மருத்துவர்களிடமும் கேட்டுத் தொகுத்தபோது 78 குழந்தைகளைப் பற்றிய விவரம் கிடைத்தது. அவர்களுள் 68 குழந்தைகளின் தாய்மார்களுக்குக் கருக்காலத்தில் இந்த அம்மை கண்டிருந்தது. குழந்தைகளுள் பலருக்கு இதயக் கோளாறும் இருந்தது. 1941 அக்டோபரில் கிரெக் இதை மருத்துவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். இத்தனை எளிய நோய் இவ்வளவு கேட்டை விளைவிக்குமா என்று அயல்நாடுகளில் சிலர் ஐயுற்றனர். ஆனால் ஆஸ்திரேலியாவிலேயே நடந்த அடுத்த ஆய்வுகள் கிரெக்கின் முடிவை உறுதிசெய்ததோடு, செவிட்டுத்தன்மையையும் பட்டியலில் சேர்த்தன.

தாயின் நோய்த்தொற்று வயிற்றிலுள்ள கருவை ஊனப்படுத்தக்கூடும் என்று மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்தது அப்போதுதான். ரூபெல்லா வைரஸ் ஆய்வுக்கூடத்தில் தனியே பிரித்தெடுக்கப்பட்டது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர், 1962இல்தான். வைரஸைக் காணுமுன்பே அதன் செயலைத் தாய்மார்களின் பேச்சிலிருந்து ஒரு மருத்துவர் கண்டுகொண்டார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கருவில் நடப்பது என்ன?

ரூபெல்லா வைரஸ் இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகளின் வழியே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுகிறது. தொற்றியபின் இரண்டு முதல் மூன்று வாரங்களில் தடிப்பு தோன்றும். தடிப்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே நோயாளி பிறருக்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். எனவே, ‘அம்மை போட்டவரிடமிருந்து விலகியிருந்தேன்’ என்பது போதிய பாதுகாப்பு ஆகாது.

வைரஸ் தாயின் இரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியை அடைகிறது. அங்கிருந்து கருவின் உயிரணுக்களுக்குள் புகுகிறது. பெரும்பாலான உயிரணுக்களை அது கொல்வதில்லை. அவை பெருகும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. முழுதும் வளர்ந்த உடலில் இது பெருங்கேடு ஆகாது. ஆனால் கருவின் முதல் மூன்று மாதங்கள் உறுப்புகள் உருவாகும் காலம். வீடு கட்டும்போது கொத்தனார்களில் பாதிப்பேர் வேலைக்கு வராமல் போனால், அன்றைக்கு எந்தச் சுவர் எழும்பிக் கொண்டிருந்ததோ அந்தச் சுவர் குறைபடும். அதுபோல, வைரஸ் புகுந்த வாரத்தில் எந்த உறுப்பு உருவாகிக் கொண்டிருந்ததோ அந்த உறுப்பு பழுதுபடுகிறது.

கண்ணும் இதயமும் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் ஏற்படும் தொற்றால் பாதிக்கப்படுகின்றன. உட்செவிக்கோ நான்காம் மாதம் வரை ஆபத்து உண்டு. முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் பத்தில் எட்டு, ஒன்பது கருக்கள் வரை பாதிக்கப்படக்கூடும். 20 வாரங்களுக்குப் பின் இத்தகைய குறைகள் மிக அரிது. இதில் கொடுமை யாதெனில், ஆபத்து உச்சத்தில் இருக்கும் அந்த முதல் வாரங்களில் தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

கண்: வாரக்கணக்கில் ஒரு கெடு

ரூபெல்லா தாக்கிய குழந்தையின் கருமணியில் வெண்மை தெரிகிறது. கண்ணுக்குள் இருக்கும் விழிவில்லை தெளிவாக இராமல் பால்போல் மங்கியிருப்பதே கண்புரை. முதியவர்களுக்கு வரும் கண்புரைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. முதியவருக்கு ஆறு மாதம் கழித்துப் புரையை அகற்றினாலும் பார்வை திரும்பும். அவருடைய மூளை பார்க்கக் கற்று முடித்துவிட்டது. பிறந்த குழந்தையின் மூளையோ இனிமேல்தான் பார்க்கக் கற்க வேண்டும்.

டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். பிறந்த சில வாரங்களில் ஒரு கண்ணை மூடி வைத்துப் பின்னர் திறந்தால், கண் பழுதின்றி இருந்தும் அக்கண்ணால் பூனை பார்ப்பதில்லை. மூளையில் அக்கண்ணுக்கு உரிய இடத்தை மற்றக் கண் எடுத்துக்கொண்டு விடுகிறது. பார்வைப் புலன் பற்றிய ஆய்வுகளுக்காக இவ்விருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர்.

மனிதக் குழந்தைக்கும் இதுவே விதி. ஆகையால் பிறவிக் கண்புரை பார்வையை மறைக்குமானால், ஒரு கண்ணில் மட்டும் இருப்பின் ஏறக்குறைய ஆறு வாரத்திற்குள்ளும், இரு கண்களிலும் இருப்பின் எட்டு வாரத்திற்குள்ளும் அறுவை செய்வது நலம். பின்னர்த் தடித்த கண்ணாடியோ காண்டாக்ட் லென்சோ அணிவிக்க வேண்டும். ஒரு கண் பின்தங்கினால் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மூடிவைத்துப் பழக்க வேண்டும். கண்ணின் அழுத்தம் கூடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் சோதிக்க வேண்டும். ரூபெல்லா குழந்தையின் விழிவில்லையில் வைரஸ் நெடுங்காலம் உயிருடன் தங்கியிருக்கக் கூடுமாதலால், அறுவைக்குப் பின் கண்ணில் அழற்சி மிகுதியாகலாம். ஒரு நாள் அறுவைக்குப் பல ஆண்டுக் கவனிப்பு தேவை.

இது எங்கோ ஆஸ்திரேலியாவில் நடந்த கதை என்று எண்ணிவிடலாகாது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரையுடன் வந்த 366 குழந்தைகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிடப்பட்டது. அவர்களுள் 25 விழுக்காட்டினருக்குப் பரம்பரையும் 15 விழுக்காட்டினருக்குப் பிறவி ரூபெல்லாவும் காரணம் எனத் தெரிந்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது நான்கில் ஒரு பங்கு ரூபெல்லாவால் வந்தது. தடுத்திருக்கக்கூடிய குருட்டுத்தன்மை இது என்பதை மறக்கலாகாது. அரவிந்த் மருத்துவமனையின் கோவைக் கிளை 1997இல் தொடங்கப்பட்டது முதல் கொங்குப் பகுதிக் குழந்தைகள் மதுரைக்குச் செல்ல வேண்டிய தேவை குறைந்தது.

இதயம்: மூடாத வழி

கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய உயிர்வளி தாயிடமிருந்தே கிடைக்கிறது. எனவே நுரையீரலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி ஒரு குறுக்கு வழியாகப் பெருந்தமனிக்குத் திரும்பிவிடுகிறது. குழந்தை பிறந்து, முதல் அழுகையில் நுரையீரல் விரிந்ததும் இக்குறுக்கு வழிக்கு வேலையில்லை. இரண்டு, மூன்று நாட்களில் தானே சுருங்கி மூடிக்கொள்ளும். ரூபெல்லா தாக்கிய குழந்தைகளுள் பலருக்கு இது மூடுவதில்லை.

வாய்க்கால் மடையை அடைக்காமல் விட்டால் வயலுக்குப் போக வேண்டிய நீர் வேறு பக்கம் பாய்வதைப் போல, உடலுக்குச் செல்ல வேண்டிய இரத்தத்தின் ஒரு பகுதி மீண்டும் நுரையீரலுக்கே பாய்கிறது. இதயம் இரட்டை வேலை செய்கிறது. குழந்தை பால் குடிக்கையில் நெற்றி வியர்க்கும்; நான்கு வாய் குடித்ததும் களைத்து நிறுத்தும்; மூச்சு வாங்கும்; எடை ஏறாது.

இக்குறுக்கு வழியை முடிச்சிட்டு மூடும் அறுவையை முதன்முதலில் வெற்றியுடன் செய்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ், ஆண்டு 1938, நோயாளி ஏழு வயதுச் சிறுமி. இன்று பல குழந்தைகளுக்கு மார்பைத் திறக்காமலே, தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்திச் சிறு அடைப்பானை வைத்து மூடிவிடுகின்றனர்.

கண்புரையுடன் பிறந்த குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்குமுன் இதயத்தையும் ஆராய்வது இதனாலேயே இன்றியமையாததாகிறது. ஒரே வைரஸ் இரண்டு உறுப்புகளிலும் கை வைத்திருக்கக்கூடும்.

காது: கண்ணுக்குத் தெரியாத குறை

மூன்று குறைகளுள் மிகுதியாகக் காணப்படுவது செவிட்டுத்தன்மை. வெளியே காது அழகாக இருக்கும். உட்செவியிலுள்ள நத்தைக்கூடு போன்ற காக்ளியா பழுதுபட்டிருக்கும். பல குழந்தைகளுக்கு இக்குறை மட்டுமே இருப்பதும் உண்டு. ‘இரண்டு வயதாகியும் பேசவில்லை, அவன் அப்பனும் மெதுவாகத்தான் பேசினான்’ என்று நாட்களைத் தள்ளிவிடுகிறோம். பேச்சைக் கற்கவும் மூளைக்கு ஒரு கெடு உண்டு. எனவே பிறந்த முதல் மாதத்திலேயே கேள்விறன் சோதனை செய்துவிடுதல் வேண்டும். உறங்கும் குழந்தையிடமும் செய்யக்கூடிய, வலியற்ற, சில நிமிடச் சோதனை அது.

கேட்புக் கருவியால் பயனில்லாத குழந்தைகளுக்கு அறுவை மூலம் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு இதற்கு வழி உண்டு. கருவியைப் பொருத்தினால் மட்டும் போதாது. பேச்சுப் பயிற்சி ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

ஆக, தாய்க்கு மூன்று நாள் அம்மை. குழந்தைக்குக் கண்ணில் ஒன்று, மார்பில் ஒன்று, காதில் ஒன்று என மூன்று அறுவைச் சிகிச்சைகள்!

குளிப்பாட்டும் கைகளின் கடமை

பிறந்த குழந்தையை மருத்துவர் சில முறை பார்க்கிறார். நாள்தோறும் கால்நீட்டி அமர்ந்து, காலின்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அமுச்சியோ ஆத்தாவோ அக்குழந்தையைத் தலைமுதல் கால்வரை பார்க்கிறார். இக்கெடுக்களைத் தவறவிடாமல் காக்க அவரைவிடச் சிறந்த காவலர் இல்லை. கருமணியில் வெண்மை தெரிந்தாலோ, இரண்டு மாதம் ஆகியும் முகத்தையோ வெளிச்சத்தையோ குழந்தை பாராதிருந்தாலோ, ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திராமல் அந்த வாரமே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வைரஸால் வந்ததென்று சொல்ல இயலாத வேறு சில அறுவை நோய்களும் இதே கண்காணிப்பில் அகப்படும். பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை நீங்காமல், மலம் சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். இதற்கு வைரஸ் காரணமோ என்ற ஐயம் நெடுநாளாக இருப்பினும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950களில் வகுத்த அறுவை, குழந்தைக்கு 60 நாள் ஆகுமுன் செய்தால் நல்ல பலன் தருகிறது. காலம் கடந்தால் கல்லீரல் கெட்டுவிடும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தல் குடல் அடைப்பின் அறிகுறியாகலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதம் ஆகாது. முதல் நாளில் மலம் கழியாதிருந்தாலோ மலவாய் இல்லாதிருந்தாலோ உடனே சொல்ல வேண்டும்.

பிறவிக் குறைகளை இளமையிலேயே கண்டறிவதற்காக 2013இல் தொடங்கப்பட்ட ராஷ்டிரிய பால் சுவஸ்திய கார்யக்ரம் என்னும் தேசியத் திட்டத்தில், பிறவிக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் கோளாறு மூன்றும் இடம்பெற்றுள்ளன. ஊர்ச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் வழிகாட்டுவார்கள்.

மற்றுமோர் எச்சரிக்கை: பிறவி ரூபெல்லாவுடன் பிறந்த குழந்தையின் தொண்டை நீரிலும் சிறுநீரிலும் ஓராண்டு வரைகூட வைரஸ் வெளிப்படலாம். குழந்தையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நோய் எதிர்ப்பு இல்லாத கருவுற்ற பெண்கள் அக்குழந்தையை எடுத்துப் பராமரிக்கலாகாது.

அரைகுறைத் தடுப்பின் ஆபத்து

1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா பெருவாரியாகப் பரவி, ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறவி ரூபெல்லாவுடன் பிறந்தன. இப்பேரிழப்பு தடுப்பூசி ஆராய்ச்சியை விரைவுபடுத்தியது. 1969இல் அங்குத் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. இன்று உலகின் பல நாடுகளில் பயன்படுவது டாக்டர் ஸ்டான்லி பிளாட்கின் உருவாக்கிய வகை. உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கப்படும் இது, ஒரே தவணையிலேயே நூற்றுக்கு 95 பேருக்கு நீண்டகாலப் பாதுகாப்பு அளிக்கிறது.

ஆனால் இத்தடுப்பூசிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. குழந்தைகளில் பாதிப்பேருக்கு மட்டும் போட்டு மீதிப்பேரை விட்டுவிட்டால் நன்மைக்கு மாறாகத் தீமையே விளையலாம். எப்படி? தடுப்பூசியே இல்லாத ஊரில் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்குச் சிறுவயதிலேயே ரூபெல்லா வந்து போய்விடும். அவர்கள் தாயாகும்போது எதிர்ப்புச் சக்தியோடு இருப்பர். பாதிப்பேருக்கு ஊசி போட்டால் ஊரில் வைரஸின் நடமாட்டம் குறையும். ஊசி போடாத சிறுமிக்குச் சிறுவயதில் நோய் வராமல் தப்பும். ஆனால் நடமாட்டம் அற்றுப்போகவில்லை. எனவே பத்து வயதில் வரவேண்டிய அம்மை இருபத்திரண்டு வயதில், வயிற்றில் கருவுடன் இருக்கும்போது வரும். கிரீஸ் நாட்டில் அதுவே நடந்தது. 1970களின் நடுவிலிருந்து பலருக்கும் எட்டாமல் அரைகுறையாகத் தடுப்பூசி போட்டதன் விளைவாக, 1993இல் இளம்பெண்களிடையே நோய் பரவி, பிறவி ரூபெல்லாவுடன் 25 குழந்தைகள் பிறந்தன.

இதனால்தான் இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லாத் தடுப்பூசியைத் தொடங்கும்போது கைக்குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் ஒருசேரப் போட முடிவு செய்தனர். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் முதற்கட்ட முகாம் தொடங்கியது. தமிழ்நாட்டில் மட்டும் இலக்கு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள். அப்போது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் அஞ்சிப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை மார்ச்சு வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு ஊசி வேண்டாம் என்ற முடிவு அப்பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

அண்டை நாடான இலங்கை, 1990களில் ஏற்பட்ட ரூபெல்லாப் பரவலுக்குப் பின் 1996இல் 11 முதல் 44 வயது வரையிலான பெண்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 2001இல் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. 2020இல் அந்நாடு ரூபெல்லாவை அகற்றிவிட்டதாக உலக நல நிறுவனம் அறிவித்தது. இயலாத காரியம் அன்று இது.

விடுபட்டவர்கள் யார்?

இன்று 9 முதல் 12 மாதத்திற்குள் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் மறு தவணையும் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. 2017 முகாமில் ஊசி பெற்ற சிறுமிகளும் பாதுகாப்புடன் இருக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திற்கு முன் பிறந்த பெண்கள் அம்முகாமின் வயது வரம்பைத் தாண்டியவர்கள். அவர்களுள் பலருக்குச் சிறுவயதிலேயே நோய் வந்து எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கும். எஞ்சியவர்களுக்கு அது இல்லை. யாருக்கு இல்லை என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. இவர்களே இன்று மணமுடித்துத் தாயாகிக் கொண்டிருக்கும் தலைமுறையினர்.

திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும், கோவைப் பஞ்சாலைகளின் விடுதிகளிலும், செவிலியர் கல்லூரிகளிலும் பல மாவட்ட, பல மாநில இளம்பெண்கள் நெருங்கி வாழ்கின்றனர். இவர்களை ஓரிடத்திலேயே சந்தித்து ஊசி போட்டுவிட முடியும் என்பது இப்பகுதிக்கு வாய்த்த வசதி.

கருவுறுமுன் ஓர் இரத்தச் சோதனையால் எதிர்ப்புச் சக்தி உண்டா என்று அறியலாம். சோதனை செய்யாமலே ஊசி போட்டுக்கொண்டாலும் கேடில்லை. ஆனால் கருவுற்றபின் போடலாகாது. போட்டுக்கொண்டபின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். அறியாமல் போட்டுக்கொண்டவர்கள் அஞ்சிக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. தடுப்பூசியால் எந்தக் குழந்தைக்கும் பிறவி ரூபெல்லா வந்ததாக இதுவரை தெரியவில்லை.

கொங்கு நாட்டுத் திருமணத்தில் சீர்களுக்குக் குறைவில்லை. மணநாள் குறித்தவுடன் பத்திரிகை அடிப்பதும் பட்டெடுப்பதும் போலவே, மணப்பெண்ணுக்கு இந்த ஒரு ஊசியையும் ஒரு சீராக வைத்துக்கொண்டால் என்ன? பிறக்கப்போகும் குழந்தைக்குத் தாய்வீடு தரக்கூடிய முதல் சீர் அதுவாகவே இருக்கட்டும்.